கழுத்துக் கயிறு தெரிகிற தாள்

காக்களூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் இம்மானுவேலுக்கு இரண்டு பெயர். சம்பளச் சீட்டில் இருப்பது ஒன்று. மற்றவர்கள் கூப்பிடுவது 'கை மீட்டர்'. லாரியில் வந்து இறங்கும் காகித உருளையின் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்ப்பார். "சதுர மீட்டருக்கு நூத்தி இருபது கிராம்னு எழுதிக்கினு வந்துகீறானுங்க. நூத்திப் பன்னெண்டுதான் கீது" என்பார். துண்டு வெட்டித் தராசில் வைத்தால் நூற்றுப் பதின்மூன்று காட்டும். அந்த ஒரு கிராம் தராசின் தப்பு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பா திருவாலங்காட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்து மகனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தார். படித்தது ஃபிட்டர், கிடைத்தது காகிதம். இருபத்தாறு வருஷமாக அதே கம்பெனியில், காலையிலிருந்து சாயங்காலம் வரை பழுப்பு நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் வேறு எதையாவது பார்க்கத் தோன்றாதா மனுஷனுக்கு? தெருவில் எல்லோரும் டி.வி. பார்த்தார்கள். இவர் ஒரு பழைய கேமரா வாங்கிக் கருப்பு வெள்ளையில் படம் எடுக்க ஆரம்பித்தார். கலர் ஏன் கூடாது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பதில் சொல்வார். அதனால் யாரும் கேட்பதில்லை.

எடுத்தால் மட்டும் போதாதே, அச்சும் போட வேண்டும். திருநின்றவூரில் ஸ்டுடியோ வைத்திருந்த மணவாளன், படம் பிடிப்பதைவிட மனை விற்பதில் லாபம் என்று கண்டுகொண்டு கடையை மூடியபோது, அங்கே இருந்த பெரிய இங்க்ஜெட் பிரிண்டர் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு கருப்பு, இரண்டு சாம்பல் என்று கருப்பு வெள்ளைக்கே தனியாக மை வைத்திருக்கும் மெஷின் அது. இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அவர் மனைவி சின்னப்பொண்ணு அன்றிலிருந்து துணியைத் தரையில் விரித்துத்தான் தேய்க்கிறாள். அதை அவள் மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

இந்த ஏழெட்டு வருஷத்தில் அவர் வீட்டுச் சுவரில் ஏறாத ஆளில்லை. ரயில்வே ஸ்டேஷனில் பூ விற்கிறவள், கம்பெனி வாட்ச்மேன், எதிர்வீட்டு ஆடு, மகள் ஜெனிபர் பள்ளிக்கூடம் போவதிலிருந்து வேலைக்குப் போவது வரை எல்லாம் உண்டு. சின்னப்பொண்ணு மட்டும் இல்லை. கேமராவைத் தூக்கினால் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள்.

அதற்குக் காரணம் அவர்களுடைய கல்யாண ஆல்பம். சின்னப்பொண்ணு நல்ல கருப்பு. அந்தக் காலத்தில் பஜாரில் இருந்த ஒரு ஸ்டுடியோக்காரர் அவள் முகத்தில் என்ன பூசினாரோ, படத்தில் என்ன தீட்டினாரோ, ஆல்பம் வந்தபோது மணப்பெண்ணின் முகம் அரிசி மாவில் முக்கி எடுத்தது போல் இருந்தது. கழுத்துக்குக் கீழே கையெல்லாம் அவளுடையது, முகம் மட்டும் வேறு யாருடையதோ. அதுகூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அக்கா செண்பகம் கொஞ்சம் மாநிறம். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீடு நிறையச் சனம் இருக்கும்போது, "போட்டோல ஆச்சும் செவப்பா கீறியேடி, அது போதும்" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். புது மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார். ஆல்பம் அன்றே பெட்டிக்குள் போனது. அதற்குப் பிறகு சின்னப்பொண்ணுவுக்கு இருந்த படங்கள் இரண்டே இரண்டு. ஆதார் கார்டில் ஒன்று, அவள் வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனி அடையாள அட்டையில் ஒன்று.

இந்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம், அதன்பின் பிரியாணி என்று ஜெனிபர் ஏற்பாடு செய்துவிட்டாள். அதற்கு ஒரு மாதம் முன்பு இம்மானுவேல் துணிந்து வாயைத் திறந்தார்.

"சின்னப்பொண்ணு, ஒரே ஒரு படம். நான் எடுக்கறேன். ஹால்ல மாட்டணும்."

அவள் நூல் பிசிறு ஒட்டிய புடவையை உதறினாள். "எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு. அடிச்சி என்னாண்ட காட்டு. அது நானா இருந்தா மாட்டலாம். வேற எவளாச்சும் இருந்தான்னா கிழிச்சிப் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். அப்புறம் இந்த ஜென்மத்துல கேக்கக் கூடாது."

படம் எடுத்தது ஒரு வேலை நாள் காலையில். கம்பெனி வேனுக்காக அவள் வாசல் கதவை ஒட்டி நின்றிருந்தாள். பக்கவாட்டிலிருந்து வெயில் முகத்தில் விழுந்தது. அவள் தைத்த சட்டைகளைப் பரிசோதிக்கும் செக்கர். நூல் வெட்டும் சின்னக் கத்திரி ஒன்றைக் கருப்புக் கயிற்றில் கோத்து எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். வேன் ஹாரன் கேட்டு அவள் திரும்பிய நொடியில் இம்மானுவேல் அமுக்கினார். கேமராவின் சின்னத் திரையில் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவளேதான். இனி தாள் மட்டும் சரியாக அமைய வேண்டும்.

தாளா பிரச்சினை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பளபளப்பான தாளில் கருப்பு நன்றாகத்தான் விழும். ஆனால் சுவரில் மாட்டினால் எதிரே இருக்கும் டியூப்லைட்தான் தெரியும், ஆள் தெரியாது. அதனால் மினுக்கல் இல்லாத மேட் தாள்தான் வேண்டும். மேட் தாளில் வேறு தொல்லை. மை உள்ளே இறங்கும். இறங்கினால் கருப்பு வெளுத்துச் சாம்பலாகும், இல்லையென்றால் எல்லாக் கருப்பும் ஒன்றாகச் சேர்ந்து கட்டியாகும். வெள்ளைத் தோல்காரர்களுக்கு எந்தத் தாளும் ஒத்துப்போகும். கருத்த முகத்தை வாங்கிக்கொள்ளத் தாளுக்குத் தகுதி வேண்டும் என்பது இம்மானுவேலின் கட்சி. அவர் சொன்னதில் எனக்கும் சம்மதம்தான்.

ஜெனிபர் ஆன்லைனில் சாம்பிள் பாக்கெட் ஒன்று வரவழைத்துக் கொடுத்தாள். நான்கு வகை மேட் தாள், வகைக்கு இரண்டு. கூடவே பொடி எழுத்தில் ஒரு நோட்டீஸ். இம்மானுவேல் அதை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். இருபத்தாறு வருஷம் காகிதத்தைத் தொட்டுப் பிழைத்தவருக்குக் காகிதத்தைப் பற்றி நோட்டீஸ் சொல்லித் தருமா? எட்டுத் தாளையும் வெளியே எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "மூணாவது பருத்திடி. பஞ்சுல செஞ்சது. தொட்டாலே தெரியுது பாரு" என்று மகளிடம் காட்டிக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். பிறகு பென்சிலால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடியாக நம்பர் போட்டார்.

அச்சுப் போடும் முறையிலும் கம்பெனி ஒழுங்குதான். ஒவ்வொரு தாளிலும் மேல் பாதியில் சின்னப்பொண்ணுவின் முகம். கீழே வெளிர் சாம்பலில் ஆரம்பித்து முழுக் கருப்பு வரை இருபது கட்டம். பக்கத்துக் கட்டத்திலிருந்து தனியாகத் தெரிகிற கட்டம் எத்தனை என்று எண்ண வேண்டும். அடித்த உடனே எண்ணக் கூடாது. மை காயக் காயக் கருப்பு இறங்கி மங்கும், ஒரு நாள் கழித்துத்தான் உண்மை தெரியும். நான்கு தாளையும் ஹாலில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். வெயிலில் ஒரு தடவை, மேகம் போட்டபோது ஒரு தடவை, டியூப்லைட்டில் ஒரு தடவை. நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார்.

சின்னப்பொண்ணு ஈரத் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இன்னாயா இது? என் மூஞ்ச நாலு மொற தொங்க விட்டுகீற, தேடப்படும் குற்றவாளி மாரி?"

"பேசாம பாரு. எது நீ?"

அவள் பார்த்தாள். ஒன்றாம் நம்பர் பளிச்சென்று வெள்ளைத் தாள். டியூப்லைட்டில் லேசாக நீலம் அடித்தது. "இது பவுடர் போட்டுகீது" என்றாள். அதோடு அதன் கதை முடிந்தது. இரண்டாம் நம்பரில் கருப்பு அழுத்தமாக விழுந்திருந்தது. ஆனால் கன்னம், கழுத்து, கழுத்தில் தொங்கும் கயிறு எல்லாம் ஒரே கட்டி. இருபதில் பதின்மூன்று கட்டம்தான் தனியாகத் தெரிந்தது. "கரி மூட்டையில உழுந்து எழுந்தவ." நான்காம் நம்பர் மூங்கில் கூழில் செய்தது, தாளே மஞ்சள் சாயலில் இருந்தது. "மஞ்ச பூசிக் குளிச்சவ. நானு சர்ச்சுக்குப் போறவ."

மூன்றாம் நம்பரை அவள் தாண்டிப் போய்விட்டாள். பருத்தி, பஞ்சு என்று அவர் கொண்டாடிய தாளில் மை திட்டுத் திட்டாக ஊறி, முகம் மழையில் நனைந்த போஸ்டர் போல இருந்தது. எண்ணினால் ஒன்பது கட்டம்கூடத் தேறவில்லை. இம்மானுவேல் நோட்டில் 'மூணு, தண்டம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கம்பெனியில் இரண்டு உருளைகளைத் தப்பாகச் சொன்னார். கை மீட்டருக்கு இன்னா ஆச்சு என்று கூட வேலை செய்யும் குணா முதல் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். மீதித் தாள்களில் பிரிண்டர் செட்டிங்கை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். பவுடர் பவுடராகவே இருந்தது, கரி கரியாகவே இருந்தது, மஞ்சள் போகவில்லை. புதுப் பாக்கெட் வரவழைக்கப் பத்து நாள் ஆகும், கூட்டத்துக்கு இருந்ததோ மூன்றே நாள். அவளிடம் போய்ச் சரி, விட்டுவிடலாம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. விட்டால் இந்த ஜென்மத்துக்கு விட்டதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்த சின்னப்பொண்ணு, பாத்திரம் கழுவிய கையோடு மேசையை ஒழுங்குபடுத்த வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் உட்காரும் இடமாயிற்றே. மேசைமேல் மூன்றாம் நம்பரின் மிச்சத் தாள் ஒன்று கிடந்தது. தண்டம் என்பதால் இவர் அதைத் தொடவே இல்லை. அவள் எடுத்தாள்.

"ஐயோ, ஈரக் கை!" என்று கத்திக்கொண்டே இம்மானுவேல் எழுந்தார்.

"இரு இரு. இது இன்னா, ஒட்டுது?"

கட்டை விரல் பட்ட பக்கம் பிசுக்கென்று ஒட்டியிருந்தது. மற்ற விரல்கள் பட்ட பக்கம் ஒட்டவில்லை. அவள் தாளைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டையை உள்ளும் புறமும் தடவிப் பார்க்கிற கை அது. "இந்தப் பக்கம் ஏதோ பூசிகீறான்யா. சொரசொரன்னு கீதே, இதான் மேல் பக்கம். நீ எதுல அடிச்ச?"

"வழவழப்பா கீறதுலதான். அதானே அச்சுப் பக்கம்?"

"யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டிக் காகிதத்தில் வழவழப்பான பக்கத்தில்தான் அச்சுப் போடுவார்கள். இருபத்தாறு வருஷமாக இவருடைய கட்டை விரல் அதைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொண்டதில்லை. அந்த விரல் கைகாட்டிய பக்கமே அடித்திருக்கிறார்.

இம்மானுவேல் குனிந்து மேசைக் காலடியிலிருந்து நோட்டீஸை உருவினார். மேசை ஆடியது. பொடி எழுத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தார். மூன்றாவது வகைத் தாளுக்கு நேரே தெளிவாகப் போட்டிருந்தது: சொரசொரப்பான பக்கத்தில்தான் பூச்சு, அதில்தான் அச்சிட வேண்டும்.

"இன்னா போட்டுகீது?" என்றாள் சின்னப்பொண்ணு.

"நீ சொன்னதுதான் போட்டுகீது" என்றார். கை மீட்டர் தன் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இருப்பது ஒரே தாள். அதன் மூலையில் அவளுடைய ஈரக் கட்டை விரல் ரேகை.

மறுநாள் சனிக்கிழமை காலை இரண்டு பேரும் அரை நாள் பெர்மிஷன் போட்டார்கள். இம்மானுவேல் சாதாரணத் தாளில் கோடு அடித்துப் பார்த்து, மை அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். கெட்டித் தாள் என்பதால் பின்பக்கம் வழியாக ஒற்றைத் தாளாகச் செருக வேண்டும். "பக்கத்தப் பாத்தியா?" என்றாள் அவள். "பாத்தேன்." "இன்னொரு மொற பாரு." வெளியே எடுத்து, விரலால் தொடாமல் கண்ணால் பார்த்து, மறுபடி செருகினார்.

ஒரு படம் முழுசாக வெளியே வர ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷமும் சின்னப்பொண்ணு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. வெயில் பட்ட கன்னமேடு, அதன் கீழே நிழல் பட்ட கன்னம், தாடைக்குக் கீழே இன்னும் ஆழ்ந்த நிழல். எல்லாம் கருப்புதான், ஆனால் ஒன்றுக்கொன்று வேறு. கடைசியில் கழுத்து. அந்தக் கருத்த கழுத்தின்மேல், அதைவிடக் கருப்பாக, ஒரு மெல்லிய கோடு.

"கயிறு தெரியுது" என்றாள்.

"அப்ப மாட்டலாமா?"

"காய்ஞ்சா கருப்பு எறங்கும்னு நீதானே சொன்ன? காயட்டும். நாளிக்குப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பிரியாணிக்கு வெங்காயம் வாங்கக் கிளம்பிவிட்டாள். அந்த ஒரு நாளை அந்த மனுஷன் எப்படிக் கழித்தார் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். இதற்கிடையில் சட்டத்தைத் தயார் செய்தார். கண்ணாடி போட்டால் எதிரொளி அடிக்கும் என்று கண்ணாடி இல்லாத சட்டம். ரேகை விழுந்த மூலையை வெட்டிவிடலாம், வெள்ளை ஓரம்தானே. கத்தரிக்கோலை எடுத்தார். மனம் வரவில்லை, திரும்ப வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் சின்னப்பொண்ணு படத்தின் முன்னால் போய் நின்றாள். கிட்டப் போனாள். தள்ளிப் போனாள். ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள். இம்மானுவேலுக்கு உயிரே இல்லை. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு ஆணியும் அம்மிக் குழவியும் இருந்தன.

"எங்க அடிக்கணும்னு சொல்லு. டியூப்லைட்டு எதிர்ல வோணாம்."

சாயங்காலம் வீடு நிரம்பிவிட்டது. பாஸ்டர் ஜெபம் பண்ணினார், ஜெனிபர் பாடினாள், பொழுது சாய்வதற்குள் பிரியாணி வாசனை தெருமுனைக்குப் போனது. செண்பகம் அக்கா தட்டோடு ஹாலைச் சுற்றி வந்தவள் படத்தின் எதிரே நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னாடி சின்னப்பொண்ணு, தம்பி இவ்ளோ கருப்பா அடிச்சி மாட்டிகீறாரு? கொஞ்சம் வெளுப்பாக்கி இருக்கலாம்ல?"

வீடு நிறையச் சனம். கையில் தண்ணீர் ஜக்கோடு நின்ற இம்மானுவேல் ஜக்கைக் கீழே வைத்தார். இந்தத் தடவை சிரிக்கக் கூடாது, எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் சின்னப்பொண்ணு வந்துவிட்டாள்.

"நான் கருப்புதானேக்கா? நல்லா பாரு. நெத்தியில ஒரு கருப்பு. கன்னத்துல ஒண்ணு, அத்தோட நெழல்ல ஒண்ணு. கழுத்துல ஒண்ணு. கழுத்துமேல கயிறு கீது பாரு, அது வேற கருப்பு. எத்தினி கீதுன்னு எண்ணிப் பாரு. இதுக்கோசரம் இந்த மனுசன் ஒரு வாரம் சோறு துன்னல."

செண்பகம் எண்ணினாளோ இல்லையோ, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தாள். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"கை வெக்காத, கண்ணாடி இல்ல" என்றாள் சின்னப்பொண்ணு. "அக்கா, கொஞ்சம் இந்தாண்ட வந்து நில்லு. ஜன்னல் வெளிச்சம் என் மூஞ்சி மேல உழணும்."